இடப்பக்கக் கதவு ஸ்பீக்கர்

இது கதை இல்லை. அன்று நான் குடித்திருக்கவில்லை, தூங்கி விழவும் இல்லை. பேய் என்றால் நள்ளிரவுக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அது பட்டப்பகலில், மதியம் 2.05க்கு ஆரம்பித்தது. நேரங்களைச் சரியாகவே சொல்கிறேன். பட்டறைச் சுவர்க் கடிகாரம் என் கண்ணெதிரே இருந்தது.

என் பெயர் தோலோகோன். பாலிக்சி என்ற ஊரில் பதினாறு வருடமாக வண்டிகளுக்கு ஆடியோ மாட்டுகிறேன். ஸ்பீக்கரில் வேண்டாத சத்தம் வந்தால் காரணம் அநேகமாக வண்டிக்காரன்தான். நானே மாட்டுகிறேன் பார் என்று கிளம்புவான், கடைசியில் என்னிடம் வந்து நிற்பான். போன பிப்ரவரியில் மெதெரும் அப்படித்தான் வந்தான். நாரின் ஊருக்கு வேன் ஓட்டுகிற பையன். மாஸ்கோவில் வேலை பார்க்கும் அவன் தம்பி எல்தியார், நாலு ஸ்பீக்கரும் சத்தத்தைக் கூட்டும் ஒரு ஆம்ப்பும் வாங்கி அனுப்பியிருந்தான்.

"அண்ணே, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கரும் சேர்ந்து அழுவுது."

"யாருடா ஒயர் போட்டது?"

"நான்தான். வீடியோ பாத்து."

"அதான் அழுவுது."

பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் ஒயரையும் பாட்டு வரும் சிக்னல் ஒயரையும் ஒரே டேப்பில் சுற்றி, புருஷன் பெண்டாட்டி மாதிரி படுக்க வைத்திருந்தான். எர்த் ஒயரைப் பெயிண்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தான். பெயிண்டைச் சுரண்டி எர்த் கொடுத்தேன். சிக்னல் ஒயரை வண்டியின் மறுபக்கம் மாற்றினேன். 1.25க்கு சத்தம் சுத்தமாக நின்றது.

1.40க்கு என் போன் அடித்தது. மெதெரின் பெரியப்பா ஜுமாஷ்.

"மெதெர் பக்கத்துல இருக்கானா? இருந்தா ஆமான்னு மட்டும் சொல்லு."

"ஆமா."

"எல்தியார் போயிட்டான்பா. குழாய் பதிக்கிற பள்ளம் சரிஞ்சிருச்சாம். கூட வேலை பாக்கறவன் இப்பத்தான் போன் பண்ணான். நாரின்லேர்ந்து பெரியவங்க வந்துசேர ஆறு மணி ஆவும். அதுவரைக்கும் இவனை விடாத. யாரும் போன்ல சொல்லிடக் கூடாது."

எங்களில் பெற்றவர், கூடப்பிறந்தவருக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டோம். பெரியவர்கள் கூடி, ஆளை நடுவில் உட்காரவைத்து, சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். அதற்கு உகுசூ என்று பெயர். கேட்கவைத்தல் என்று அர்த்தம். அதற்கு முன்னால் வாய் திறந்தவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. மெதெர் பாட்டு கேட்டுக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு சத்தம் இருக்கு" என்றேன். "நீ போய்ச் சாப்பிட்டு வா. போனைக் குடு. அது பக்கத்துல இருந்தா இரைச்சல் ஜாஸ்தியாவும்."

"கொடுத்து வச்ச போன். என்னை விட்டுட்டு உங்களோட இருக்குது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். அதை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டேன். அவன் எதிர்க் கடைக்கு லக்மான் நூடுல்ஸ் சாப்பிடப் போனான்.

வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை. நான் சொன்னது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆறு மணி வரை எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

2.05. எஞ்சினை நிறுத்தினேன்.

கர்ர்... கர்ர்...

இடப்பக்க முன்கதவு ஸ்பீக்கர். யாரோ உள்ளேயிருந்து பிறாண்டுவது போல. எஞ்சின் ஓடாதபோது இப்படி ஒரு சத்தம் வரக்கூடாது. சரி, ஆம்ப் கோளாறு என்று நினைத்தேன்.

2.20. ஆம்ப்பிலிருந்து சிக்னல் ஒயர்களைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை.

2.50. ஆம்ப்பின் ஃபியூசை உருவினேன். நிற்கவில்லை. பிறாண்டலுக்கு நடுவே மூச்சு வாங்குகிற மாதிரி ஏதோ கேட்டது.

அப்போது மெதெர் திரும்பி வந்தான். கதவருகே குனிந்து காதை வைத்தான்.

"கஸ்... கஸ்ஸுன்னு கேக்குதுண்ணே." சிரித்தான். "உள்ள வாத்து கீத்து முட்டை போடுதா?"

கஸ் என்றால் எங்கள் மொழியில் பெரிய வாத்து. நானும் சிரித்து வைத்தேன்.

அவன் மறுபடி காதை வைத்தான். இந்த முறை சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே... எல்தியார் குரல் மாதிரி இல்ல?"

"போடா. பிஷ்கெக் ரேடியோ எதையாவது இழுக்கும்."

"போனைக் குடுங்க. அவனுக்கு ஒரு தடவை போட்டுப் பாக்கறேன். ரெண்டு நாளா பேசல."

"வேலை முடியட்டும்டா! அவன் எங்க ஓடிடப் போறான்?"

இப்போது எழுதும்போதும் அந்த வார்த்தைக்காக என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மெதெரைப் பின்னறைக்கு அனுப்பி அடுப்புப் பக்கம் உட்காரவைத்தேன். டீ ஊற்றிக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு எதுவும் கேட்கக்கூடாது என்று காற்றடிக்கும் கம்ப்ரஸரையும் ஓடவிட்டேன்.

3.35. பேட்டரி முனையையே கழற்றினேன். வண்டி முழுக்கச் செத்துப்போனது. உள்விளக்குகூட எரியவில்லை.

"கஸ்..."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அதுதான்.

4.10. கதவுப் பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்து, இரண்டு ஒயரையும் வெட்டினேன். மேஜைமேல் வைத்தேன். எதோடும் எந்தத் தொடர்பும் இல்லை. வெறும் காந்தம், வெறும் காகிதம்.

காகிதம் அசைந்தது.

"போரும்... கஸ்..."

போரும். என் ஈரலே என்று அர்த்தம். கூடப் பிறந்தவனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என் ஈரக்குலை நடுங்கியது.

அப்போதுதான் புரிந்தது. கஸ் என்பது வாத்து மட்டும் இல்லை. தோண்டு என்பதற்கும் அதே சொல்தான்.

அண்ணனிடம் கேட்கிறான். குழி தோண்டு என்கிறான். செத்தவனுக்கு மண்ணில் இடம் வேண்டும்... அதற்காகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த தொழுகை வரிகளையெல்லாம் முணுமுணுத்தேன். "நாளைக்குத் தோண்டிடுவாங்கடா. போயிரு. அவனை விட்டுரு" என்று ஸ்பீக்கரிடம் கெஞ்சினேன்.

4.40. "கஸ்..."

4.52. "கஸ்..." குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

பின்னறையில் நாற்காலி நகரும் சத்தம். மெதெர் எழுந்துவிட்டான்.

"அண்ணே? யாரு கூப்பிடறது?"

கதவுக் கைப்பிடி திரும்பியது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

காகிதத்தின் நடுவில் குத்தினேன்.

ஒரு மூச்சு... பாதியில் நின்றது.

5.07.

"யாரும் இல்லடா. ஸ்பீக்கர் போயிருச்சு" என்றேன். மெதெர் கிழிந்த காகிதத்தைப் பார்த்தான். தம்பி வாங்கிக் கொடுத்தது அண்ணே என்று மட்டும் சொன்னான்.

6.10க்குப் பெரியவர்கள் வந்தார்கள். அவனை நடுவில் உட்காரவைத்தார்கள். அவன் போட்ட கூச்சலை நான் எழுதப்போவதில்லை. தெருக்கோடிக்குக் கேட்டது.

நாலாவது நாள் உடல் விமானத்தில் வந்தது. கூட வந்த வேலையாள் ஒருவன் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்கு வெளியே நின்று, யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளம் மறுபடி சரியும் என்று மேஸ்திரி பயந்தானாம். எப்படியும் செத்திருப்பான் என்று சொல்லி, யாரையும் தோண்ட விடவில்லையாம். சாயங்காலம் இயந்திரம் வந்தபிறகுதான் எடுத்தார்களாம். எடுத்தபோது எல்தியாரின் உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். உடலைக் கழுவியவர்கள் வெளியே வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பத்து விரலிலும் நகமே இல்லை என்றார்கள்.

ஜுமாஷ் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். ரஷ்ய மொழியில் இருந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"மண் சரிவுன்னு போட்டிருக்கு பெரியப்பா."

அதற்குக் கீழே, பரிசோதித்த டாக்டர் குறித்த இறந்த நேரம் இருந்தது. அதை நான் படித்துக் காட்டவில்லை. இன்றுவரை யாருக்கும் சொன்னதும் இல்லை.

14.07. மாஸ்கோ நேரம். எங்களுக்கு மாலை 5.07.

மூன்று மணி நேரம் அவன் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த மூன்று மணி நேரமும் அண்ணனின் போன் என் டிராயரில் இருந்தது.