மல்லாட்டைக் கொல்லையில் ஒரு சத்தியம்

என் ஆயுளில் ஒரே ஒரு முறை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அப்போது நான் ஏழாம் வகுப்பு. முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் அரை ஏக்கர் நிலம் நிற்குமா போகுமா என்பதற்கான சத்தியம் அது. அவ்வளவு பெரிய விவகாரத்தில் நான் போய் மாட்டிக்கொண்டதற்கு முழுக் காரணம் என் மாமாவின் தொப்பை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. உட்கார்ந்து உட்கார்ந்தே முப்பது வயதுக்குள் தொப்பை விழுந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளிலும், மாப்பிள்ளை கொஞ்சம் பூசினாப்போல இருக்கிறார் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் இளைத்துவிடுவது என்று சபதம் எடுத்தவர், ஜிம்முக்குப் போகாமல் ஒரு சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி, ஏகப்பட்ட கியர். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, ஒரு மணிகூட இல்லை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, இது தார் ரோட்டுக்கு உண்டான வண்டி இல்லை, மண்பாதை, சரளைக்கல், காட்டுவழி இதிலெல்லாம் ஓட்டுவதற்கென்றே செய்தது, பெயர் கிராவல் பைக் என்று விளக்கம் சொன்னார். எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் லாரியில் யூனிட் கணக்கில் கொண்டுவந்து மனைக்குக் கொட்டுகிற மண். அப்பா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஒரு யூனிட்டு எத்தினி நடையில அடிப்ப மச்சான்?"

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மாமாவும் சிரித்தார். யார் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கூடவே சேர்ந்து சிரிக்கிற மனிதர் அவர். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஆயுத பூஜை லீவில் என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று அவரை நச்சரித்து எடுத்துவிட்டேன். எனக்கு வண்டி? பதினோராம் வகுப்பில் அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருந்தது, முன்னால் கூடை வைத்தது. ஒரு வாரம் அவள் முறைக்கு நான் பாத்திரம் தேய்ப்பது என்று ஒப்பந்தம் போட்டு அதை வாங்கினேன். செஞ்சிக்குக் காய்கறி ஏற்றிப்போகிற குட்டியானை வண்டிக்காரரை மாமா பிடித்தார். கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு சைக்கிளையும் படுக்க வைத்து, நாங்கள் முன்னால் டிரைவரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் செஞ்சியில் இறங்கினோம்.

மாமா அதற்கு முன்னால் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் எந்த இடத்தில் தார் முடியும், எந்த இடத்தில் ஆற்றைத் தாண்டலாம், மலைக்குப் பின்னால் பாதை எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எப்படி மாமா என்று கேட்டதற்கு, "மேலேருந்து பார்த்திருக்கேன் பாப்பா" என்றார். ஏரோப்பிளேனில் போகும்போது பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கியது. அப்புறம் சரளை. அக்காவின் சைக்கிள் பள்ளிக்கூடம் போய்வருவதற்காகக் கொடுத்தது. பாறாங்கல் மலைகளுக்கு நடுவில் ஓட்டுவதற்கு அதைக் கொடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கூடை கடகடவென்று ஆடியது, பல்லெல்லாம் தந்தியடித்தது, எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வருஷம் மழை முன்னாலேயே பெய்திருந்ததால் சங்கராபரணியில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. மாமா தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சினிமாக் கதாநாயகன் மாதிரி ஆற்றைக் கடந்தார். திரும்பி வந்து என் இரும்பு வண்டியைத் தூக்கும்போதுதான் அவருடைய உண்மையான நிலைமை தெரிந்தது. நடு ஆற்றில் நின்று மூச்சு வாங்கினார். அக்கரையில் காப்புக்காட்டின் ஓரமாகவே பாதை போயிற்று. மயில் கத்தியது. காரைச்செடி முள் என் பாவாடையைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோம், இறக்கத்தில் கத்திக்கொண்டே விடுவோம்.

காடு முடிந்து பாதை ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலை வயலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. மாமா அங்கே நின்றார். கைப்பிடியில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார், எதிரே மலையைப் பார்த்தார், மறுபடி போனை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்தார்கள். அதில் ஐம்பது வயது இருக்கக்கூடிய ஓர் அம்மா, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே வரப்பேறி வந்தார். நிலத்துக்காரி அவர்தான்.

"யாருங்க நீங்க? இன்னாத்த அளந்துக்கினு இருக்கீங்க?"

"அளக்கலைங்க. சும்மா சைக்கிள் ஓட்டிக்கினு வந்தோம்."

சும்மா என்ற சொல்லை அங்கே ஒருவரும் நம்பவில்லை. ஒரு வளர்ந்த மனிதர், தலைக்கவசம் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, பஸ் போகிற ஊரில், கல்லிலும் முள்ளிலும் சும்மா சைக்கிள் ஓட்டுவாரா? மாமா தன் தொப்பையைத் தொட்டுக் காட்டி, இது குறையத்தான் ஓட்டுகிறேன் என்றார். அதையும் நம்பவில்லை. குறைந்திருப்பதற்கான அடையாளமும் இல்லை. அதற்குள் ஒரு பையன் எட்டி போனைப் பார்த்துவிட்டான். அதில் மாமா அன்றைக்குச் சைக்கிள் ஓட்டவேண்டிய வழி நீலக்கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"யக்கா, கோடு போட்டு வச்சிருக்காருக்கா! நம்ம கொல்ல பக்கமாவே போவுது!"

அந்த அம்மா மாமாவின் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"ரெண்டு மாசமா ரோடு வருது ரோடு வருதுன்னு பேசிக்கினு இருக்காங்க சார். எந்தப் பக்கமா வருதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நானும் எங்க வூட்டுக்காரரும் பதினாறு வருசம் சூளையில கல்லு அறுத்து வாங்குன எடம் இது. எங்க வம்சத்துலயே மொத மொதல்ல சொந்தமா வாங்குன நெலம். இது போச்சுன்னா மறுபடி சூளைக்குத்தான் போவணும். அவரும் இப்ப இல்ல."

மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "சத்தியமா நான் அளக்க வரலைங்கம்மா" என்றார்.

வாயால் சொல்கிற சத்தியம் வேண்டாம் என்றார் அந்த அம்மா. கொல்லையின் மூலையில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள் இருந்தன, கன்னிமார் சாமி. அங்கே மாமாவைக் கூட்டிப்போய், ஒரு கல்லின்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"எங்க நெலத்துக்கு ஒங்களால ஒரு கெடுதலும் வராதுன்னு சொல்லி இத அணைச்சிட்டுப் போங்க சார். நான் நம்புறேன்."

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. கையை வைத்து அமுக்கிவிட்டுக் கிளம்பவேண்டியதுதானே! மாமா நின்றார். கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த அம்மா இன்னொரு வில்லையை வைத்துக் கொளுத்தினார். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மாமாவைப் பொய்க்காரன் என்று நினைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நெருப்புக்குப் பயந்துதான் மாமா தயங்குகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தீபாவளிக்குச் சங்குசக்கரம் கொளுத்தவே அவர் ஊதுவத்தியை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடிக்கிறவர்.

"எங்க மாமாவால ஒங்க நெலத்துக்கு ஒண்ணும் வராது. சத்தியம்!" என்று கத்திக்கொண்டே உள்ளங்கையைக் கற்பூரத்தின்மேல் வைத்து அமுக்கினேன்.

மாமா "ஐயோ பாப்பா" என்று என் கையைப் பிடித்து இழுத்தபோது கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது. அந்த அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. குழந்தை பொய் சொல்லாது என்றார். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பிடுங்கிப் போட்டிருந்த செடிகளை உதறி, அக்காவின் சைக்கிள் கூடை நிறைய மண்ணோடு மல்லாட்டையை அள்ளிப் போட்டார். மாமா மட்டும் என் கையை விடவில்லை. பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினார். ஊதினார். மறுபடி விரித்துப் பார்த்தார். ஒரு சின்னச் சிவப்புதான், கொப்புளம்கூட வரவில்லை. அதற்குப் போய் அவர் இவ்வளவு பதறியது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து, "ஏன் பாப்பா அணைச்ச?" என்று கேட்டார்.

"நீ ஏன் மாமா அணைக்கல?"

மாமா எழுந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அன்று ராத்திரி அம்மா மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்றோம். மாமா வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டார். டயட்டு இப்போதுதான் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது என்றார் அப்பா.

மூன்றாவது வீட்டில் தொப்பையோடு சேர்த்தே சம்மதித்துவிட்டார்கள். அதற்கப்புறமும் மாமா சைக்கிள் ஓட்டினார். ஓமந்தூர்ப் பக்கம் போவார், மரக்காணம் உப்பளம் வரை போவார். ஆனால் நான் எத்தனை முறை கெஞ்சியும் அந்த ஆற்றுப் பக்கம், அந்தக் காட்டுப் பக்கம் மட்டும் போகவே இல்லை. என் கை சுட்டுக்கொண்டதில் பயந்துவிட்டார் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து, போன வருஷம்தான், ஒரு கல்யாணத்துக்குப் போகையில் மாமாவின் காரில் அந்தக் கொல்லைப் பக்கம் போட்டிருந்த புதுச் சாலையில் போனோம். நேராக வந்த ரோடு ஒரு இடத்தில் காரணமில்லாமல் லேசாக வளைந்து மறுபடி நேரானது. மாமா வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் சொன்னார். அவருடைய ஆபீஸில்தான் அந்த ரோட்டுக்குப் படம் போட்டார்கள். சாட்டிலைட் படத்தின்மேல் கோடு இழுத்தது இவர். திரையில் அந்த ஆறும் மலையும் காடும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கவே, ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். அளக்கப் போகவில்லை என்பது நிஜம். அளவு எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. கோடு அந்த அம்மாவின் கொல்லை நடுவில் போனது.

"பொய்ச் சத்தியம் ஆயிடுமே, ஒனக்கு ஏதாவது ஆயிட்டா? நாலு நாளு தூங்கல பாப்பா. அங்க ஓடை வருது, மண்ணு எளக்கம்னு இன்ஜினீயர்கிட்ட ஏதேதோ சொல்லி, கோட்டக் கொஞ்சம் வடக்கால தள்ளிட்டேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தெற்கே திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் வேப்பமரம் தெரிந்தது, பச்சையாக ஏதோ பயிரும் தெரிந்தது.

"வடக்கால யாரு கொல்ல மாமா இருந்துச்சு?"

"தெரியாது. தெரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான் அப்புறம் இந்தப் பக்கம் சைக்கிள எடுத்துக்கினு வரவே இல்ல."

என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, ரோட்டை ஒட்டி ஒரு கிணறு இருந்தது. பாதியை ரோடு எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் மண் கொட்டி மூடியிருந்தார்கள். அன்றைக்குக் கூடை நிறைய மல்லாட்டையோடு வீடு திரும்பும்போது, ஒரு நிலத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கோடு இன்னொருவர் கொல்லை வழியாகப் போய்த்தான் தீரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.