தூதரகத்து விருந்துக்கு மறுநாள்

ஜொகூர் பாருவில், ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தின் தலைமை எழுத்தருடைய, அன்றைய வழக்கில் பெரிய கிராணியாருடைய, மூத்த மகன் நான். கஞ்சி போட்ட சட்டையின்றி வெளியே இறங்காதவன் என்று பள்ளியில் எனக்கொரு மதிப்பு இருந்தது. தூதரகம் இயங்கிய அந்தப் பழைய மாளிகை இன்று காப்பிக் கடையாகிவிட்டது. சென்ற வாரம் மருமகள் அங்கே என் முன்னால் வைத்த பாலாடைக்கட்டியின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

என் சிறுவயதில் ஒவ்வொரு விருந்துக்கும் மறுநாள் காலையில் மாளிகையின் பளிங்குப் படிகளெங்கும் வீசியதும் இதே வாடைதான்: வெக்கையில் வியர்த்து உருகிய பாலாடைக்கட்டி, கம்பளத்தில் கவிழ்ந்த மது, பாதி கடித்த இறாலின்மேல் நசுக்கி அணைத்த சுருட்டு, உதட்டுச்சாயம் அப்பிய கைத்துணிகள். மீந்தவற்றையெல்லாம் ஒரே தட்டில் வழித்துக்கொண்டு, பின்கட்டிலிருந்த எங்கள் குடியிருப்புக்குச் சமையற்காரர் சவரிமுத்து வருவார்.

“தொரையம்மா குடுத்தாங்கம்மா, வாங்கிக்குங்க. வேணாம்னா அவங்க மூஞ்சி மாறிரும் லா. அப்புறம் கிராணியாரு வேலைக்குத்தான் ஆபத்து.”

“ரொம்ப நன்றின்னு சொல்லுங்கண்ணே” என்று அம்மா முகம் மலர வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பை வேலிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தார்கள். அதை வைத்துத்தான், தூதரகத்து எச்சிலில் வளர்ந்த குடும்பம் என்று உறவினர் கலியாண வீடுகளில் இன்றும் எங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அது உண்மையன்று. கதவைச் சாத்தியதும் அம்மா, வெளியே தெரியாத கொல்லையில் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு குழியில்தான் கவிழ்ந்தது. நாங்கள் உண்டது எங்கள் வீட்டில் வடித்த சோறு.