விரற்கடை தூரம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களா அவரோடு குடித்தனம் நடத்துகிறார்கள்? நான்தானே நடத்துகிறேன். வரும், நன்றாகவே வரும். வந்தால் காது மடல் இரண்டும் சிவந்துவிடும், பேச்சு நின்றுவிடும், கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவுவார். கத்தத் தெரியாது, ஒரு சாமானைத் தூக்கி எறியத் தெரியாது. எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி வைக்கிற ரகம்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை. லிஃப்ட் தரையோடு தரையாக வந்து நிற்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கிறுக்கு. குடும்பத்தோடு துணிக்கடைக்குப் போவோம். கதவு திறந்ததும் எல்லோரும் வெளியே போகப் பார்ப்பார்கள், இவர் மட்டும் வாசலிலேயே குனிந்துகொண்டு, "அரை இஞ்சு மேல நிக்குது பாரு, யாராவது தடுக்கி விழப் போறாங்க" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என் வேலை.

இந்த மனிதரைக் கராத்தே வகுப்புக்கு இழுத்துப் போனவன் என் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. "மாமா, ஷூ லேஸ் கட்டறதுக்கே மூச்சு வாங்குது உங்களுக்கு, வாங்க சொல்றேன்" என்று நச்சரித்து நச்சரித்து அழைத்துப் போனான். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நேர் மேலே, மாடியில்தான் அந்த ஹால். சாயங்காலம் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலே தடதடவென்று என் புருஷனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். "என்னம்மா மேல சத்தம்?" என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டு ஆளுங்கதான்" என்பேன்.

மேலே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கு ஒரே சட்டம். ஜோடியாக நின்று மோதும்போது கை முழு வேகத்தில் போக வேண்டும், ஆனால் எதிராளி முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அடிப்பவனுக்கும் பயிற்சி இல்லை, தடுப்பவனுக்கும் பயிற்சி இல்லை. நிற்காமல் போனால் மூக்கு இல்லை. இந்த வித்தை எங்கள் வீட்டுக்காரருக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. லிஃப்ட் நிறுத்துகிற கைதானே. அவர் முஷ்டி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து தம்பியின் மூக்கு நுனியில் அப்படியே நிற்கும். "மாமா கை மூஞ்சிக்கு நேரா வர்றப்பகூட நான் கண்ண மூட மாட்டேன்க்கா, அவ்வளவு நம்பிக்கை" என்று தம்பி பெருமையடிப்பான்.

ஒரு நாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இவர் தப்பே இல்லை, கரண்ட் கோளாறு. ஆனாலும் அங்கிருந்த மேனேஜர் அத்தனை பேர் முன்னால் இவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசியிருக்கிறார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நேரே ஹாலுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து என் தம்பி, காலால் உதைக்கப் போவதுபோல் பாவ்லா காட்டி, கையால் இவர் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டான். அதோடு விட்டானா? வாயிலிருந்த பல் கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன மாமா, லிஃப்ட் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். ஹாலே சிரித்தது. கவசத்தைத் திரும்ப மாட்டுவதற்குள் இவர் முஷ்டி வந்துவிட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை.

மேல் முன்பல் பாதி போய்விட்டது. இவர்தான் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி என் கடைக்குக் கூட்டி வந்தார். நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கத்தினேன், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" தம்பி ரத்த வாயோடு, "விடுக்கா, கை தவறிடுச்சு, மாமா என்ன பண்ணுவாரு பாவம்" என்றான். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் அவரே சமையலறைக்கு வந்து நின்றார். தட்டு கழுவினார். பிறகு, "அது கை தவறல" என்றார்.

"தெரியும்."

"நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. ஒரு நிமிஷம் அவன அந்த மேனேஜர்னு நெனச்சுட்டேன்னு சொல்லலாம், ஆனா அதுவும் பொய். அவன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"அவன்கிட்ட சொல்லிடுங்க."

"எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று அடுத்த தட்டை எடுத்தார்.

சொல்லத்தான் முடியவில்லை, மற்றதெல்லாம் செய்தார். சலூனில் ஏறி இறங்காமல் மக்கர் பண்ணிய நாற்காலியைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். கதவுக்கு எண்ணெய் போட்டார். வாரா வாரம் போய் முடி வெட்டிக்கொண்டார். தலையில் வெட்ட என்ன இருந்தது? மண்டைத் தோல் தெரிய ஆரம்பித்தும் விடவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் நாற்காலியில் உட்காருவாராம். எதிரே கண்ணாடியில், தம்பி சிரிக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டிய பல் மற்ற பல்லைவிட வெள்ளையாகத் தெரியுமாம். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

என் தலைக்கு மேலேயும் சத்தம் மாறியது. முன்பெல்லாம் சுளீரென்று கையில் கை மோதும் சத்தம் கேட்கும், கீழே பாட்டில்கள் லேசாக அதிரும். இப்போது ஏதோ துணி காயப்போடுகிற மாதிரி இருந்தது. இவர் கை தம்பியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் கேட்டதற்குத் தோள் வலி என்று சொல்லிவிட்டார். தம்பிக்கோ ஒரே குஷி. "மாமா அடிக்கிறது இப்பல்லாம் முன்கூட்டியே தெரியுதுக்கா. நான் தேறிட்டேன்!"

அவன் கறுப்பு பெல்ட் பரிட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. படிப்பு ஏறாத பயல் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரிடமும் கேட்டு வளர்ந்தவன். ஒரே ஒரு சான்றிதழாவது வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. சலூன் சுவரில் இடம் பார்த்து, ஆணியே அடித்து வைத்துவிட்டான். முடி வெட்ட வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஆணியைக் காட்டுவான்.

பரிட்சை வேறோர் ஊரில். அங்கே விரற்கடைச் சட்டமெல்லாம் கிடையாது, அடி நிஜமாகவே விழும். எங்கள் வீட்டுக்காரர் துண்டும் தண்ணீருமாகக் கூடப் போனார். எதிரே வந்தவன் முன்பின் தெரியாத ஒல்லி ஆள். அவன் கை கிளம்பியது. தம்பி தடுக்கவில்லை, ஒதுங்கவில்லை. இடது கையைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அடி கண்ணுக்குக் கீழே விழுந்தது. சுதாரிப்பதற்குள் விலாவில் ஒரு உதை. கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. விலா எலும்பில் விரிசல். பெல்ட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை.

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் அவன் கண்ணில் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், "முதல் தடவை பல்லத்தான் உடைச்சேன். இந்தத் தடவை மொத்தமா உடைச்சுட்டேன்" என்றார். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் தட்டுகள் பளபளத்தன. தம்பி உடம்பு தேறி மறுபடியும் ஹாலுக்கு வரப்போகிறான் என்று தெரிந்ததும் நான் பொறுமை இழந்தேன். "பாத்திரமெல்லாம் தேஞ்சே போயிடும் போலிருக்கு. போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க." அவன் வந்த அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர் பின்னாலேயே மாடியேறினேன். மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றேன்.

"மாப்ள, அன்னைக்குப் பல்லு உடைஞ்சுதே" என்று ஆரம்பித்தார். "கை தவறல. கோவத்துல அடிச்சேன்."

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"அடி வாங்கினது நானா, பக்கத்து வீட்டுக்காரனா? வம்பு பண்ணினவனும் நான்தான். அத அன்னைக்கே விட்டாச்சு." அதுவரை சாதாரணமாகப் பேசியவன் குரல் கம்மியது. "அதுக்கப்புறம் பஞ்சு மாதிரி அடிச்சீங்களே, அது எதுக்கு மாமா? தேறிட்டேன் தேறிட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே. பரிட்சையில அந்த ஆளு கை வர்றப்ப, மாமா கை மாதிரி ஒரு முழம் தள்ளியே நின்னுடும்னுதான் நெனச்சேன்."

அவர் மெத்தை நடுவில் போய் நின்றார், இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு. தம்பி எதிரே வந்தான். அவன் முஷ்டி முழு வேகத்தில் வந்து இவர் உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. இவர் தடுக்கவில்லை. அடுத்ததும் வந்தது. முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அடி வாங்கிக்கிட்டுக் கணக்க முடிச்சுக்கலாம்னு வந்தீங்களா? உங்கள அடிச்சா எனக்கு பெல்ட் வந்துடுமா? கையத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை.

"எனக்கு வேற யாரு மாமா இருக்கா? கையத் தூக்குங்க."

தூக்கினார். தம்பி பல் கவசத்தை எடுத்து, இந்தத் தடவை ஒழுங்காக மாட்டிக்கொண்டான். அவருடைய முதல் அடி பாதி வழியிலேயே நின்றது. தம்பி தடுக்காமல் அவரையே முறைத்துப் பார்த்தான். அடுத்தது நிஜமாக வந்தது. தம்பியின் கை எழும்புவதற்குள் முஷ்டி அவன் வாய்க்கு முன்னால் வந்து, சரியாக ஒரு விரற்கடையில் நின்றது.

கவசத்தைக் கழற்றிக்கொண்டு, "நான் தடுக்கறதுக்குள்ள லேட்டாயிடுச்சு. திரும்ப அடிங்க" என்றான் தம்பி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவர் கன்னமெல்லாம் கண்ணீர். துடைத்துக்கொள்ளக்கூடக் கையை இறக்கவில்லை. அழுதுகொண்டே, வேகத்தைக் குறைக்காமல், திரும்ப அடித்தார்.