கண்ணாடிப் பெட்டிக்குள் தூக்கிய கைகள்

தேரடித் தெருவில் என் அண்ணனின் ஸ்டுடியோ வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகளின் படம் பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாயைத் திறந்து, சுற்றிலும் தண்ணீர் சிதற இருக்கிறாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் அங்கே நின்று பார்க்கும். "கொழந்த என்னா சந்தோஷமா இருக்குது பாரு" என்பார்கள். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் நான் எதிர்ச்சாரியில் நடப்பேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. சென்னைப் பக்கம் இருந்த தீம் பார்க்குக்கு அண்ணன்தான் எங்களை அழைத்துப் போனார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்புமுன் அண்ணன் தன் கேமராக்களைப் பாயில் பரப்பி, எதை எடுத்துப் போவது என்று பெண் பார்க்க வந்தவரைப் போல ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நனைந்தாலும் கெடாத சின்ன கேமரா ஒன்றும் அதில் இருந்தது.

"இது போதும்ணா. இதுன்னா நீயும் தண்ணியில எறங்கலாம். பாப்பா பக்கத்துலயே இருப்ப."

"அது பொம்மைம்மா. இந்த நீள லென்ஸ் இருந்தா கரையில நின்னாலே மொகம் கிட்ட வந்துடும். உனக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி."

பயந்தவள் என்ற பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதைச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவார். லென்ஸ், ஃபிளாஷ், ஸ்டாண்டு எல்லாம் பைக்குள் போயின. சின்ன கேமரா பாயிலேயே கிடந்தது.

அலை அடிக்கிற குளத்தின் கரையில் பை என் மடிக்கு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். தள்ளிப்போய் ஸ்டாண்டைப் போட்டு நின்றுகொண்டு, "இன்னும் உள்ள போ கண்ணு, பின்னாடி ஆளுங்க தெரியறாங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மாமன் சொன்னால் அவள் தட்டமாட்டாள். மணி அடித்து அலையை விட்டார்கள். அவள் தலை உள்ளே போயிற்று. கைகள் வெளியே வந்தன, கூடவே ஒருமுறை முகமும் வந்தது.

"அப்படித்தான்! கைய அப்படியே வெச்சுக்கோ!"

நான் பையோடு தண்ணீரில் பாய்ந்தேன். பின்னாலிருந்து அண்ணன், "பை! பை!" என்று கத்தினார். பாப்பா என்று கத்தவில்லை.

அவளைத் தூக்கிக் கொடுத்தது முன்பின் தெரியாத ஒரு பெண். குழந்தை என் தோளில் தண்ணீராகக் கக்கினாள். அண்ணன் கரையில் உட்கார்ந்து, பைக்குள் நனைந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "லென்ஸ்ல சிரிக்கிற மாதிரிதாம்மா தெரிஞ்சுது" என்றார். பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அத்தனை கிட்டத்தில் பார்த்தும் அவருக்கு அது சிரிப்பாகவே பட்டிருக்கிறது.

அந்தப் படத்தை அவர் வாசல் பெட்டியில் மாட்டியபோது, அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். "இந்த மாதிரி படம் எப்பவாச்சும்தான் அமையும். அதான் ஒண்ணும் ஆவலையே" என்றார். குளியலறையில் மகள் சற்று நேரம் சத்தமில்லாமல் இருந்தால் நான் இன்றும் கதவைத் தட்டுகிறேன்.

அவளுக்கு எதுவும் நினைவில்லை. இப்போது காலேஜில் படிக்கிறாள். போன வாரம் துணி எடுக்கப் போனபோது என்னை இழுத்து அந்தப் பெட்டியின் முன் நிறுத்தினாள்.

"மாமா சூப்பரா எடுத்துருக்காரும்மா. இப்படித்தானே நின்னேன்?"

நடுத்தெருவில் இரண்டு கைகளையும் தூக்கி வாயைத் திறந்து காட்டினாள். நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"வலிக்குது, விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

என்னால் விட முடியவில்லை.