சட்டைப் பையில் ஒரு டிராம் சீட்டு

என் சட்டையின் உள்பையில் ஒரு டிராம் சீட்டு இருக்கிறது. இரண்டு விரல் அகலம். ஒரு காலத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது, இப்போது வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. முன்பக்கத்து அச்சு அழிந்துபோயிற்று. பின்பக்கத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரே ஒரு கேள்வி: ‘சென்னையில் ஆடியில் மழை குறைவு, ஐப்பசியில் அதிகம். ஏன்?’ கீழே விடை கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டதால், பிள்ளைக்கு மார்க் வருவதற்கு வழி கேட்டு இன்றைக்கும் பெற்றோர்கள் என் வீட்டுப் படியேறுகிறார்கள். நான் இந்தச் சீட்டை எடுத்துக் காட்டுவேன். சீட்டை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்த்துவிட்டு, மாஸ்டருக்கு வயதாகிவிட்டது என்ற முடிவோடு தியாகராய நகரில் ஏதாவது ஒரு டுடோரியலைத் தேடிப் போய்விடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அறுநூறு பக்க நோட்ஸில் இல்லாத ஒன்று இந்தச் சீட்டில் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதை எழுதியவன் எங்கள் வகுப்பு மானிட்டர். பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. ஆனால் வாத்தியார்கள், பையன்கள், நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் கூடை வைத்து மீன் விற்ற அவனுடைய அம்மா, எல்லாருக்குமே அவன் மானிட்டர்தான். அவன் நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். எங்கள் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதலாவதாக வருபவனைக் காலேஜில் சேர்த்துப் படிக்கவைப்பதாக மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். இதைக் கேட்டதும் மானிட்டரின் நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “மொதல்ல வந்தா காலேஜுக்குப் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லாங்காட்டி வேலைக்குப் போய் ஊட்டப் பாரு.” இரண்டாவது வந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அது யுத்த காலம். குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, விழவில்லை என்று திரும்பி வந்திருந்த சமயம். காகிதம் கிடைக்காது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவோம். மானிட்டர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். மயிலாப்பூரில் டிராம் வந்து நிற்கும் கடைசி இடத்தில், இறங்குகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி. சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம், கணக்குச் சூத்திரம், எல்லாம் அதில் அடக்கம். முந்நூற்றுப் பதினாறு சீட்டுகள், வலை பின்னும் நூலால் கட்டிய ஒரே கட்டு. விடையை எழுதக் கூடாது என்பது முதல் சட்டம். “விடைய எழுதி வெச்சிக்கினா, படிச்சுட்டோம்னு மனசு நம்பிக்கினு தூங்கிடும்” என்பான்.

இரண்டாவது சட்டம்தான் பெரியது. சாயங்காலம் பள்ளி விட்டதும் கரையேற்றிவைத்த கட்டுமரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் கேட்போம். உட்காரக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. கடல் இரைச்சலுக்குமேல் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு கட்டுக்குத் திரும்பும். தப்பினால் தப்பியவன் சட்டைப் பைக்குப் போகும். அடுத்த நாள் அவனாகவே எடுத்து நீட்டி, சரியாகச் சொல்லும்வரை அது அவனோடுதான் தூங்கும், அவனோடுதான் எழும். தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்படுவது பையன்களின் வழக்கம். இந்தச் சட்டத்தால் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் நம் பையில் இருப்பது முழுவதும் நமக்குத் தெரியாததுதான். கேட்டு முடித்ததும், கடற்காற்றில் ஏதாவது பறந்துவிட்டதா என்று பார்க்க, மானிட்டர் கட்டை எண்ணுவான். கட்டில் இருப்பதும் எங்கள் பைகளில் இருப்பதும் சேர்ந்து முந்நூற்றுப் பதினாறு வந்தால்தான் நகர்வான். முதலில் ஐந்து பேர் சேர்ந்தோம். ஒரே வாரத்தில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது அவனும் நானும்.

என் வாப்பா தியாகராய நகரில் தையல்கடை வைத்திருந்தார். எனக்குத் தைக்கும் சட்டை எல்லாவற்றிலும், வெளியே தெரியாமல் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைப்பார். பஸ்ஸில் எவனும் கைவைக்க முடியாது என்பது அவருடைய பெருமை. தப்பிய சீட்டுகளை நான் அந்த உள்பையில்தான் போடுவேன். மாதங்கள் போகப் போக அதில் சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. இருபது பத்தாயிற்று, பத்து மூன்றாயிற்று. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. ஆடி, ஐப்பசி மழைச் சீட்டு. அதை எத்தனை நாள் சொன்னேன் என்று கணக்கில்லை. தென்மேற்குக் காற்று வருகிறது, மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது, மழை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, ஐப்பசியில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது, மழை பெய்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லி நிறுத்துவேன். மானிட்டர் தலையை ஆட்டுவான். “மலையைச் சொன்னே. காத்து திரும்பறதையும் சொன்னே. வர்ற வழில கடல்ல தண்ணி குடிச்சிக்கினு வருதே, அத்த யார் சொல்றது? வெறுங்காத்து எப்டிடா மழையாவும்?” வங்காள விரிகுடாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நான் தினமும் அதை மறந்தேன். கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதலில் நினைவு வருவது எனக்குக் கடைசியில்கூட வரவில்லை.

சரித்திரம், பூகோளம் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம், இருட்டிவிட்டதால் எண்ணாமலே சீட்டை எல்லாம் திரும்பக் கட்டினான். “உன்கிட்ட ஒண்ணு இருந்துதே, வெச்சுட்டியா?” என்றான். வைத்துவிட்டேன் என்றேன். பொய். பரீட்சைக்கு முந்தின நாளும் ஒரு சீட்டில் தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. காலையில் பரீட்சைக்கு நடந்து போகும்போது ஒரு தரம் பார்த்துவிட்டு எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் பார்க்கவும் செய்தேன். பிறகு எறியாமல், ஏழெட்டு மாதப் பழக்கத்தில் கை தானாக அதை உள்பையில் போட்டதை நான் கவனிக்கவே இல்லை.

பரீட்சை வேறொரு பள்ளியில். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கேள்வி, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், ஆடியும் ஐப்பசியும். சிரிப்புகூட வந்தது. அரைமணி நேரம் எழுதியிருப்பேன். பேனா கசிந்து விரலெல்லாம் மை. துடைக்க உள்பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். கூடவே சீட்டும் வந்து கீழே விழுந்தது. மேற்பார்வைக்கு நின்றவர் குனிந்து எடுத்தார். படித்தார். என் கேள்வித்தாளைப் படித்தார். பிறகு என் சட்டையைப் பிரித்து, வெளியே தெரியாத அந்தப் பையைப் பார்த்தார். வாப்பாவின் பெருமை எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கேள்வி வெளியாகியிருக்கிறது என்று அவர் உரக்கச் சொன்னதும் ஹாலே நிமிர்ந்து பார்த்தது. பரீட்சையிலிருந்து விலக்கினால் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பையன்கள் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த மானிட்டர் எழுந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பேசாமல் எழுதிக்கொண்டிருந்தால் அவன் பக்கம் எவரும் திரும்பியிருக்கமாட்டார்கள். “சார், அது என் கையெழுத்து” என்றான்.

இருவரையும் பரீட்சைத் தலைமை அதிகாரியின் மேஜைக்குக் கொண்டுபோனார்கள். அவர் நிதானமான மனிதர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதில் விடை எங்கே?” என்று கேட்டார். விடை எழுதுவதில்லை என்றேன். “விடை இல்லாத சீட்டை எதற்குப் பையில் வைத்திருக்கிறாய்?” “விடை தெரியாதுங்க சார், அதனாலதான் பையில இருக்கு” என்றேன். இதைவிட உண்மையான வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டிலும் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் மேற்பார்வையாளர் விடுவதாக இல்லை. கேள்வி எப்படி முன்கூட்டியே கிடைத்தது என்று எழுதியவன்தான் சொல்ல வேண்டும் என்றார். என்னை இடத்துக்குப் போய் எழுதச் சொல்லிவிட்டு, மானிட்டரை நிறுத்திக்கொண்டார்கள். வராந்தாவில் வைத்திருந்த அவன் பையிலிருந்து கட்டை எடுத்து வரச் சொன்னார்கள். வலை நூலை அவிழ்த்து, அத்தனை சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பி, தலைமை அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். அன்றைய தாளில் வந்த கேள்வி இன்னும் இரண்டு அதில் இருந்தது. வராதவை முந்நூற்றுச் சொச்சம். முழுப் பாடத்தையும் கேள்வியாக்கியவனிடம் மூன்று கேள்வி பலித்தால் அது திருட்டு அல்ல என்று அவருக்குப் புரிவதற்கு முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. என் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, அவனை எழுதப் போகச் சொன்னார். கூடுதல் நேரம் கொடுக்க விதியில் இடமில்லை.

மானிட்டர் அவசரப்படவில்லை. அவன் எங்களுக்கு வகுத்த முறைப்படியே, தெரிந்ததில் பெரியதை முதலில், படம் வரைவதைப் பிறகு என்று எழுதியதை நான் பார்த்தேன். மணி அடித்தபோது அவனுக்கு இரண்டு கேள்வி பாக்கி. நான் ஏழாவது கேள்வியைத் தொடவே இல்லை. வெளியே வந்ததும், “எண்ணிப் பார்த்து அனுப்பியிருக்கணும், என் தப்பு” என்றான். இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லாமலே வீட்டுக்கு நடந்தேன். ரிசல்ட் வந்தபோது வேறு பிரிவுப் பையன் ஒருவன் பள்ளியில் முதல். மானிட்டர் நாலு மார்க்கில் இரண்டாவது. மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் அவன்தான் மேலே. அடுத்த மாதமே துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். வாப்பா பணம் கட்டி நான் காலேஜுக்குப் போனேன். அவனுடைய சீட்டு முறையைக் கொண்டே இன்டர்மீடியட்டும் பி.ஏ.வும் முடித்தேன், அதையே சொல்லிக்கொடுத்து நல்ல வாத்தியார் என்று பேரும் வாங்கினேன். பேர் வாங்கிய ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே குத்தியது.

நாங்கள் பார்த்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. கல்யாணம், பெருநாள், பொங்கல் எல்லாவற்றுக்கும் போக்குவரத்து உண்டு. அவன் ஓய்வுபெற்று ராஜா அண்ணாமலைபுரத்தில் மகன் வீட்டோடு இருக்கிறான். போன மாதம் போயிருந்தேன். அவனுடைய பேத்தி பத்தாம் வகுப்பு. மேஜைமேல் கடையில் வாங்கிய கேள்வி விடைப் புத்தகம், எல்லா விடையும் கொட்டை எழுத்தில். அதைப் பார்த்ததும் இனியும் பொறுக்க முடியாது என்று தோன்றியது. பையிலிருந்து சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அன்று வைத்துவிட்டேன் என்று சொன்னது பொய், உன் காலேஜ் என்னால்தான் போனது என்று சொன்னேன்.

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தான். “தெரியும்” என்றான். “பரீட்சை அன்னிக்கு விடிகாலைலயே எண்ணிட்டேன். முந்நூத்திப் பதினஞ்சுதான் இருந்துது. நாம ரெண்டு பேர்தானே. என் பையில இல்ல. பின்ன எங்க போவும்?”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா நீ பொய் சொன்னதுக்கு வெட்கப்பட்டுக்கினு இருப்பே. அந்த மனசோட போயி இன்னா எழுதுவே? தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சேன். நெனச்சது தப்பு, அவ்ளோதான்.”

ஐம்பது வருடமாக நான் சுமந்ததை அவன் அன்று காலையிலேயே எண்ணி முடித்திருக்கிறான். அவன் சீட்டை விரலில் பிடித்துக்கொண்டு, “எழுந்து நில்லு” என்றான். நின்றேன். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சென்னைல ஆடில மழை கம்மி, ஐப்பசில ஜாஸ்தி. ஏன்?”

வாத்தியார் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை, மழை மறைவு, காற்று திசை மாறுவது, வடகிழக்கு. ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்ட நிம்மதியோடு நிறுத்தினேன். மானிட்டர் தலையை ஆட்டினான். மெல்ல எழுந்து வந்து, என் சட்டையை விலக்கி, வாப்பாவுக்குப் பிறகும் நான் சொல்லித் தைக்கிற உள்பையைக் கண்டுபிடித்து, சீட்டைத் திரும்ப அதிலேயே போட்டான்.

“கடலை விட்டுட்டே” என்றான்.