பச்சோந்திக்கு வைத்த கிண்ணம்

எங்கள் வீட்டு மாடியறையில் மேற்குப் பார்த்த சன்னல் ஒன்றுக்கு நிறக் கண்ணாடி பதித்திருந்தது. பாய்மரக் கப்பல் வைத்திருந்த காலத்தில் மூத்தவர் யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது. பகல் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயரும் நேரத்தில் வெயில் அதன் வழியாக இறங்கி, தரையில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாகக் கிடக்கும். பொழுது சாயச் சாய அந்தக் கட்டங்கள் மெல்ல நகர்ந்து, சாச்சியின் கட்டிலில் ஏறி, சுவரைத் தொட்டு, அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது காணாமல் போய்விடும். என் ஏழு வயதில், மழைக்கு முந்திய சில வாரங்கள், ஒரு பச்சோந்திக் குஞ்சை வைத்துக்கொண்டு நான் அந்தக் கட்டங்களுக்குப் பின்னாலேயே தவழ்ந்துகொண்டிருந்தேன்.

அதைக் கொண்டுவந்தது காக்கா, என் அண்ணன். தங்கை மேல் உள்ள அன்பினால் இல்லை. திருப்புல்லாணி போகிற ரோட்டில் கூட்டாளிகளோடு ஓணான் அடிக்கப் போயிருந்தான். ஓணான் அடிப்பதில் மட்டும் எங்கள் தெருப் பையன்களுக்கும் கோயில் தெருப் பையன்களுக்கும் அப்படியொரு ஒற்றுமை. இப்ராஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதிப் பெரிதாக்கியது ஓணான் என்று இவர்களிடம் ஒரு கதை. தாகமென்று கேட்ட ராமருக்கு அணில் இளநீர் கொடுக்க, ஓணான் குடிக்கக்கூடாத எதையோ கொடுத்தது என்று அவர்களிடம் ஒரு கதை. இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பகை வைத்துக்கொண்டு ஒரே ஓணானைச் சேர்ந்து துரத்தின. அன்று உடைமரத்தடியில் அகப்பட்டது ஓடவே இல்லையாம். ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி யோசித்து, பிறகு வைத்ததாம். பையன்களுக்குச் சிரிப்பு வந்து, கல் கையிலேயே நின்றுவிட்டது. அடிப்பதற்கும் ஒரு ஓட்டம் வேண்டியிருக்கிறது.

காக்கா அதைக் குச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, என் பங்குத் தொதல் அல்வாவை அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தனக்கு எழுதி வாங்காத குறையாகப் பேசி முடித்துவிட்டு, என் கையில் விட்டான். என் விரல் நீளம்தான் இருக்கும். வாலைச் சுருட்டி வைத்திருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மறு கண் காக்காவின் வாயிலிருந்த தொதலைப் பார்த்தது. எனக்கு அதைவிட அழகான உயிர் உலகத்தில் இல்லை என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

அதற்கு வீடு கொடுத்தது சாச்சி. சாச்சி என் உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மாப்பிள்ளைகள் பிறகு பிழைப்புக்காகச் சபர் போவார்கள், கடல் கடந்து. என் வாப்பாவும் சபரில்தான் இருந்தார். சாச்சா, அதாவது சாச்சியின் மாப்பிள்ளை, சாச்சியின் கையில் மருதாணிச் சிவப்பு போவதற்கு முன்பே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். தனுஷ்கோடி வரைக்கும் ரயிலும் அதற்குமேல் கப்பலுமாக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. சாச்சா வராவிட்டாலும், வருகிறவர்கள் கையில் அவர் அனுப்பும் பெட்டி வரும். சோப்பு, சென்ட் புட்டி, மெல்லிய வாயில் துணிச் சேலை, பூப்போட்ட பீங்கான் கோப்பை, பிஸ்கட் டின். தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்து, "கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பிஸ்கட் தின்றுவிட்டுப் போவார்கள். அப்படி வந்த டின் ஒன்றைத்தான் சாச்சி எடுத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு முழம் தள்ளியே நின்றாள். பல்லியைக் கண்டாலே அலறுகிறவள்.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணமான பொண்ணு படுக்குற எடத்துல கண்டதையும் கொண்டாந்து வைக்கிறதா? இங்கன வேணாம், தூக்கி வெளியில விடு" என்றாள்.

"கெடக்கட்டும் லாத்தா" என்று அக்காவைச் சமாதானப்படுத்தினாள் சாச்சி. "மாடியில நான் மட்டுந்தான இருக்கேன். ஒரு துணையா இருந்துட்டுப் போவுது."

வளர்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சோறு வைத்தேன். முறுக்கைப் பொடித்து வைத்தேன். அது இரண்டையும் இரண்டு கண்ணாலும் பார்க்காமல் இருந்தது. ஒரு நாள் கீழே சிந்திய கருப்பட்டித் தூளில் ஈ வந்து உட்கார, என்னவோ மின்னி மறைந்தது. ஈயைக் காணோம். பச்சோந்தி மெதுவாக மென்றுகொண்டிருந்தது. அதன் உடம்பைவிட நீளமான நாக்கு அதன் வாய்க்குள் இருக்கிறது என்பதை நம்ப எனக்கும் சாச்சிக்கும் இன்னும் நாலைந்து ஈக்கள் தேவைப்பட்டன. அதன் பிறகு கட்டில் காலடியில் தினமும் கருப்பட்டி வைத்து ஈ பிடித்தோம். கொழும்பு சென்ட் மணக்கிற அறையில் ஈ மொய்ப்பதைப் பார்த்த உம்மா, இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அறிவித்தாள். சாச்சி சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

பகலில் நிறம் மாற்றும் வேலை நடந்தது. பச்சோந்தி இருக்கிற இடத்து நிறத்துக்கு மாறும் என்று காக்கா சொல்லியிருந்தான். சிவப்புக் கட்டத்தில் வைத்தால் சிவந்தது. நீலக் கட்டத்தில் நீலமானது. "மாறிருச்சு சாச்சி, மாறிருச்சு!" என்று கத்துவேன். சாச்சி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி "ஆமாடி" என்பாள். அதைப் பிடித்திருந்த என் கையும் சிவந்து, நீலமானதை நான் பொருட்படுத்தவே இல்லை. தூரத்தில் கடல் இரைந்துகொண்டிருக்கும். சாச்சியின் கண் பாதி மூடும். நிறம் எல்லாம் அவள் மேலும் ஏறி இறங்கும். அந்த அறையில் காலம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு பச்சோந்தி வாடத் தொடங்கியது. முதலில் ஈயைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. விலாவில் சுருக்கம் விழுந்தது. உருண்டு திரண்டிருந்த கண்கள் உள்ளே போயின. எந்தக் கட்டத்தில் வைத்தாலும் அதன் மேல் ஒரு கருமை தங்கிவிட்டது. நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தேன். சாச்சியின் கல்யாணச் சீரில் வந்த வெள்ளிக் கிண்ணத்தை வாங்கி, அதில் நல்ல தண்ணீர் நிறைத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் வண்டியில் வர வேண்டும். அதை உம்மா சொம்பளவாக எண்ணித்தான் செலவழிப்பாள். அதிலிருந்து திருடி, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மாற்றி, அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு விளையாடப் போவேன். திரும்பி வந்தால் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கும். மூக்கைப் பிடித்து முக்கிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டது.

"சாவப் போவுது. குழி தோண்டி வையி" என்றான் காக்கா. தொதலைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு.

அன்று இரவு தர்காவுக்குச் சீனி வாங்கி ஓதுவதாக நேர்ந்துகொண்டு அழுதபடி தூங்கினேன். காலையில் அதற்கு உயிர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

அதே காலையில் வீடு வேறு காரணத்துக்காக விடிந்திருந்தது. சாச்சா வருகிறார் என்று முதல் நாள் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். காலை ரயிலில் ராமநாதபுரம் இறங்கி ஜட்கா பிடித்து வருவார். வீடு கழுவியாயிற்று. ஆட்டுக்கறி வேகிற வாசனை தெரு வரைக்கும் போயிற்று. சாச்சி சீயக்காய் தேய்த்துக் குளித்து, தலையைக் காய வைக்க முற்றத்துக்கு வந்தாள். அங்கே எலுமிச்சைச் செடி ஒன்று நின்றது. நான் பச்சோந்தியை அதில் விட்டுவிட்டு, கிண்ணத்தை வேரடியில் வைத்து, எதிரில் குந்தியிருந்தேன். டின்னுக்குள் சாக வேண்டாம், பச்சைக்குள் சாகட்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"பாவம்டி" என்று சாச்சி குனிந்து பார்த்தாள். அவள் கூந்தல் முன்னால் சரிந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு இலை மேல் விழுந்து, சறுக்கி, இலை முனையில் நின்றது. பச்சோந்தியின் ஒரு கண் திரும்பியது. பிறகு மறு கண்ணும் திரும்பியது. ஒரு காலைத் தூக்கியது. வைக்கலாமா என்று ஆடியது. இன்னொரு அடி வைத்தது. வாயைத் திறந்து அந்தச் சொட்டைக் குடித்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது. அதையும் குடித்தது. சாச்சி அப்படியே குனிந்து நின்றாள். கூந்தலை லேசாகப் பிழிந்து விட்டாள். இலை இலையாகத் தண்ணீர் தொங்க, அது இலை இலையாகக் குடித்தது. சாம்பிராணித் தணலோடு வந்த உம்மா, "நேரமாவுதுடி, அங்கன என்ன குனிஞ்சுக்கிட்டு?" என்று கேட்டாள்.

"செத்த இருங்க லாத்தா. குடிக்குது" என்று சாச்சி தலை நிமிராமலே சொன்னாள்.

அவள் நிமிர்ந்தது ஜட்காவின் மணி கேட்டபோதுதான். ஈரக் கூந்தலை அள்ளி முக்காட்டுக்குள் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். வாசலில் குரல் கேட்டது. அது சாச்சாவின் குரல் இல்லை.

"மச்சானுக்குத் தோதுப்படலையாம். அடுத்த பயணம் வாராராம். இதைக் கொடுக்கச் சொன்னாரு" என்றது குரல். பெட்டியை இறக்கி வைக்கும் சத்தமும் கேட்டது.

பகலில் தெருப் பெண்கள் வந்தார்கள். பெட்டி திறந்தது. இந்தத் தடவை பெரிய பெட்டி. பட்டுச்சேலை கூட இருந்தது. எல்லாரும் கொடுத்து வச்சவ என்றார்கள். ஆட்டுக்கறியும் செலவாயிற்று. மாடிக்குப் போய்ப் பார்த்தால் நிறக் கட்டங்கள் மட்டும் கட்டிலில் கிடந்தன. சாச்சி முற்றத்தில் இருந்தாள். எலுமிச்சைக்கு எதிரே உட்கார்ந்து, வெள்ளிக் கிண்ணத்தில் விரலை நனைத்து நனைத்து இலைகளில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். பச்சோந்தியின் கருமை விட்டு, எலுமிச்சை இலையின் இளம் பச்சை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிண்ணம் நெறையா வச்சேனே சாச்சி, அதை ஏன் குடிக்கல?" என்று கேட்டேன்.

"நெறையா வச்சுட்டாப் போதுமாடி?" என்றாள் சாச்சி. "அதுக்குக் குடிக்கத் தெரிஞ்ச மாதிரியில்ல கொடுக்கணும்."

அவள் முகத்திலும் நீர் வழிந்தது. குளித்த தலையிலிருந்து வருகிறது என்று நான் நினைத்தேன். தலை காய்ந்து வெகு நேரமாகியிருந்தது. உம்மா வந்து பின்னால் நின்று, தங்கையின் தலையில் கை வைத்து, "போவப் போவப் பழகிரும்" என்று மட்டும் சொன்னாள். நல்ல தண்ணீர் இப்படிச் செலவாவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு பச்சோந்திக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் சாச்சி தெளிப்பாள், மாலையில் நான் தெளிப்பேன். டின் காலியாகவே கிடந்தது, அது செடியிலேயே குடியிருந்தது. ஒரு நாள் மேற்கே மின்னி, பகலிலேயே இருட்டி, அந்த வருஷத்து முதல் மழை கொட்டியது. முற்றத்துக்கு ஓடினோம். எலுமிச்சையின் எல்லா இலையிலும் தண்ணீர் தொங்கியது. பச்சோந்தி எதைக் குடிப்பது என்று தெரியாமல் இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம் சுழற்றிக்கொண்டிருந்தது. மழை விட்டபோது அது மதில் மேல் இருந்தது. அந்தப் பக்கத்து வேம்பின் கிளை மதில் வரைக்கும் நீண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி, ஆடி, யோசித்து, வைத்தது. நான் பிடிக்க ஓடினேன். சாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போவட்டும்டி. அதுக்கு மழை வந்துருச்சு."

நான் மண்ணில் புரண்டு அழுதேன். சாச்சி என் தலையைத் தடவிக்கொண்டு, வேம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பயணத்துக்கும் சாச்சா வரவில்லை. பெட்டி வந்தது. வாசலில் அதை வாங்கியதே நான்தான். தூக்க முடியாமல் தூக்கி, படிப்படியாக மாடிக்கு ஏற்றினேன். பிற்பகல் அஸர் தொழுகை நேரம். சாச்சி கட்டிலில் சாய்ந்து சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கட்டங்கள் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டிருந்தன.

"சாச்சி, இந்தத் தடவை எம்புட்டுக் கனமா இருக்கு பாருங்க!" என்றேன்.

ஒரு பச்சோந்திக்கு எப்படித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவள் நான். பெட்டியைச் சாச்சியின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, விளையாடப் போய்விட்டேன்.