வேலியோரத்துச் சோளம்

நவமணிக்கு எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம். ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டையைச் சீவிவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் போய் மறுபடி பார்ப்பாள். கருவாடு வாங்கினால் புரட்டிப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ராமையாவையும் அப்படித்தான் பார்த்தாளாம். "அந்த ரெண்டாவது பார்வையிலதான் நான் மாட்டிக்கிட்டேன்" என்று அவன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மலாயாவில் பீடோங்கிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது அவர்கள் ரப்பர் தோட்டம். ஐம்பத்தொன்றாம் வருஷக் கடைசியில், மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, ஆலைக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேரக் கூடாது என்பது சர்க்காரின் யோசனை. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. சோற்றுத் தூக்கு கொண்டுபோகக் கூடாது. ஆறு மணிக்கு மேல் வேலிக்கு வெளியே நிற்கக் கூடாது. உள்ளேயோ காலை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல்.

அந்த நெரிசலில் நவமணி ஒரு துண்டு நிலத்தைக் கேட்டாள். லயம் கட்டுவதற்காக மேட்டை வெட்டிச் சமன் செய்த இடம், வேலியை ஒட்டி இருந்தது. மேல்மண் போய் மஞ்சளாகக் கிடந்ததால் வேறு யாருக்கும் அதன் மேல் ஆசை வரவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு வந்து பதில் சொன்னார்.

"ரெண்டு மாசம் டைம், நவமணி. தொரையே வந்து பாப்பாரு. பயிர் நல்லா நின்னா எடம் உனக்கு. இல்லேன்னா வேலிக் காவலுக்கு வந்திருக்கிற கான்ஸ்டபிளுங்க கவாத்துப் பழக எடுத்துக்குவாங்க."

அவளுக்கு அந்த இடம் வேண்டும். காய்கறி கிடைப்பது அப்புறம். சாயங்காலம் ஒரு மணி நேரம் யார் வீட்டுச் சண்டையும் காதில் விழாமல் நிற்க அந்த வேலிக்குள் வேறு இடமே கிடையாது.

பன்னிரண்டு வரிசை சோளம் போட்டாள். ராமையா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் அடுப்பு பார்ப்பவன். விறகுச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டி, "ஆள் உசரத்துக்கு வரப்போவுது பாரு" என்று மார்தட்டினான்.

மூன்றாம் வாரம் சோளம் வெளுத்தது. பழைய இலைகள் ஓரளவு பச்சையாகவே இருந்தன. குருத்திலிருந்து வரும் புது இலைதான் நடு நரம்பும் ஓரமும் பச்சையாக, இடையில் பட்டை பட்டையாக வெள்ளை பாய்ந்து வந்தது. கணுவுக்குக் கணு நெருங்கி, செடிகள் வளராமல் குந்திக்கொண்டன. ராமையா இன்னும் நாலு கூடை சாம்பல் கொட்டினான். இன்னும் வெளுத்தது. கிராணி அமோனியா உரம் ஒரு டின் கொடுத்துப் பார்த்தார். அடி இலை கரும்பச்சையானதே தவிர, குருத்து அதே வெள்ளை.

அடுத்த வீட்டு மருதம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "வெள்ளைக்காரத் தொரை வர்றாருன்னு உன் சோளமும் வெள்ளையாயிடுச்சுலா! நல்ல மரியாதை தெரிஞ்ச பயிரு."

"உன் கெடா வந்து மேயாம இருந்தாச் சரி" என்றாள் நவமணி.

அன்று சாயங்காலம்தான் அவள் இரண்டாவது தடவை பார்த்தாள். வேலிக் கம்பிக்கு நேர் கீழே நின்ற பன்னிரண்டாம் வரிசை மட்டும் கரும்பச்சையாக இருந்தது. அதே மண், அதே விதை.

ராமையா விழுந்து விழுந்து சிரித்தான். "இது தெரியலையா உனக்கு? ராத்திரிக் காவலுக்கு நிக்கிற ஜைனலும் அவன் கூட்டாளியும் அங்கதான் ஒதுங்குறானுங்க. வேற என்ன உரம் வேணும்? சொல்லு, இன்னைக்கே லயத்து ஆம்பளைங்களைக் கூட்டியாறேன்."

"கூட்டிட்டு வந்துதான் பாருங்களேன்" என்று சொன்னாலும், அவளும் பாதி நம்பிவிட்டாள். மறுநாள் மழை நின்றதும் வந்து பார்த்தபோது நம்பிக்கை போய்விட்டது. வேலிக்கு எதிர்க் கோடியில் மருதம்மாளின் ஆட்டுக்கொட்டகை. அதன் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் இடத்தில் நாலு செடிகள், அவையும் கரும்பச்சை. அங்கே எந்தக் காவல்காரனும் ஒதுங்க மாட்டான். ஒதுங்கினால் கிடா முட்டித் தள்ளிவிடும்.

அதற்குள் போலீஸ் சார்ஜெண்டிடமிருந்து உத்தரவு வந்தது. வேலியிலிருந்து மூன்றடிக்குச் செடி எதுவும் நிற்கக் கூடாதாம். கான்ஸ்டபிள்கள் வந்து பன்னிரண்டாம் வரிசையை அடியோடு வெட்டிப் போட்டார்கள். உருப்படியாக இருந்த ஒரே வரிசையும் போயிற்று. துரை வர இருபது நாள்தான் இருந்தது.

நவமணி வெட்டிக் கிடந்ததிலிருந்து ஒரு பச்சை இலையும், தன் வரிசையிலிருந்து ஒரு வெள்ளை இலையும் எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். மறுநாள் எடுத்த ரப்பர் பாலை ஆலையில் ஊற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே ஆற்றோரம் ரப்பர் கன்றுகள் வளர்க்கும் நர்சரிக்குப் போனாள். அங்கே கங்காணி இருளப்பன் இரண்டு இலைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சையா நின்ன எடத்துல தலைக்கு மேல என்னா இருக்கு?"

"ஒரு எடத்துல முள்கம்பி. ஒரு எடத்துல தகரம், அண்ணே."

"புதுசா?"

"பளபளன்னு இருக்கு."

"அந்தப் பளபளப்புதான் தங்கச்சி சிங்க்கு, துத்தநாகம். துரு ஏறாம இருக்கப் பூசுறது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எறக்கியிருக்கு. எலை சிறுத்துப் போற கன்னுக்கு நாங்க அந்த சிங்க் உப்பைத்தான் அடிக்கிறோம். ஆமா, சாம்பல் போட்டீங்களா?"

"கூடை கூடையா."

"அதான். மேல்மண்ணு போன எடத்துல சிங்க்கே கொஞ்சம்தான் இருக்கும். சாம்பல் அதையும் இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கிட்டு வேருக்குக் குடுக்காது. உன் புருசன்கிட்ட பக்குவமா சொல்லு."

சிங்க் உப்பு மூட்டையில் அடிதான் மிச்சமிருந்தது. பால் டின்னில் கால் பங்கு அளந்து ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். "ஒரு மண்ணெண்ணெய் டின் தண்ணிக்கு இது. இதுல பாதி வெத்தலைச் சுண்ணாம்பு கரைச்சு, வடிகட்டி ஊத்து. சுண்ணாம்பு விட்டுப்போச்சுன்னா எலை பொசுங்கிடும். வெயில் தாழ அடி, மழை இல்லாத நாளாப் பாத்து. இந்தா, மருந்தடிக்கிற பம்பு. நாளைக்குக் கொண்டாந்துடணும்."

கேட்டில் பெண்களைச் சோதிக்கிற காளியம்மா முடிச்சை அவிழ்த்தாள். "என்னக்கா இது, சீனியா?"

"சீனின்னு வாயில வச்சுடாதடி, கொடலைப் பொரட்டிடும். சோளத்துக்கு."

"உள்ள கொண்டு போறியா?"

"உள்ளதான்."

காளியம்மா குழம்பினாள். "வெளிய போறதுக்குத்தான் சட்டம் சொல்லிக் குடுத்திருக்காங்க. உள்ள வர்றதுக்கு ஒண்ணும் சொல்லலியே" என்று முடிந்து கையில் கொடுத்துவிட்டாள்.

ஒரு டின் மருந்து பாதி நிலத்துக்குத்தான் காணும். ராமையா, சாம்பல் விஷயத்தில் முகம் சுருங்கியிருந்தாலும், யோசனை சொல்லத் தவறவில்லை. "ரோட்டோரமா இருக்கிற ஆறு வரிசைக்கு அடி. தொரை ஜீப்பை விட்டு எறங்க மாட்டாரு. கண்ணுல படறது பச்சையா இருந்தாப் போதும்."

நல்ல யோசனைதான். நவமணி பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முதல் வரிசைக்கு அடித்தாள், இரண்டாவதை விட்டாள், மூன்றாவதுக்கு அடித்தாள்.

"என்னா புள்ள செய்யிற? பாதிப் பயிரை நோவோட தொரைக்குக் காட்டப் போறியா?"

"மொத்தமா ஒரு பக்கம் அடிச்சா, அந்தப் பக்கம் மண்ணு நல்ல மண்ணும்பீங்க. இல்லேன்னா ஜைனலைச் சொல்லுவீங்க. எனக்கு உப்பாலதான் தேறுதான்னு தெரியணும்."

"எடம் போயிடும்டி."

"போனாத் தெரிஞ்சுக்கிட்டுப் போவட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த ஒரு வாரம் விடியும் முன்னே எழுந்து போய்க் குருத்தைப் பிரித்துப் பார்த்தாள். எட்டாம் நாள் அடித்த வரிசையில் ஒரு குருத்து முழுப் பச்சையாக விரிந்தது. அதற்கப்புறம் நாளுக்கு நாள் வித்தியாசம் தெரிந்தது. துரை வருவதற்குள் நிலம் கோடு போட்ட கைலி மாதிரி ஆகிவிட்டது. ஒரு வரிசை இடுப்புயரப் பச்சை, ஒரு வரிசை முழங்காலுக்கு வெளுப்பு.

துரையின் ஜீப் ராமையா சொன்ன மாதிரியே நிற்காமல்தான் போனது. பத்து கஜம் தாண்டி நின்று, பின்னுக்கு வந்தது. துரை இறங்கினார். வரிசைகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான் தொரே."

"ஏன் இது அடிச்சி, இது அடிக்கலே?"

"மருந்து பாதிக்குத்தான் இருந்துச்சு தொரே. அதான், எது வேலை செய்யுதுன்னு பாத்துடலாம்னு..."

துரை கிராணியைப் பார்த்தார். இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தார். பிறகு தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, "இடம் இவளுக்கு. கவாத்து ஆலைக்குப் பின்னாலே. அந்த வரிசைக்கும் மருந்து குடு" என்றார். ஜீப் போனதும் கிராணி மெல்லச் சொன்னார்: "எல்லாம் ஒரே மாதிரி பச்சையா இருந்திருந்தா அவரு ஜீப்பை நிறுத்தியிருக்கவே மாட்டாரு, நவமணி. எடத்தைக் கவாத்துக்கே குடுக்குறதா பேப்பர்ல கையெழுத்துக்கூடத் தயாரா இருந்துச்சு."

விட்டுப்போன வரிசைகள் இரண்டு வாரம் பிந்திக் கதிர் விட்டன, கதிர் சிறியதுதான். அடுத்த போகத்துக்கு இருளப்பன் சொன்னபடி சிங்க் உப்பை மணலில் கலந்து சாலில் போட்டு விதைத்தாள். அது மூன்று நாலு போகத்துக்குத் தாங்கியது. சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போயிற்று. மருதம்மாள் விதை கேட்டு வந்தாள். நவமணி விதையோடு, கிடாவைக் கட்டிப் போடு என்ற நிபந்தனையையும் கொடுத்தாள்.

முதல் அறுப்பு அன்று சாயங்காலம், வேலியோரம் காவலுக்கு வந்த ஜைனல் தணலில் வாட்டிய சோளத்தின் வாசனைக்கு நின்றான். "ஜாகுங், காக்கா?" சோளமா அக்கா என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். நவமணி முற்றாத கதிராக ஒன்று பொறுக்கிக் கொடுத்தாள்.

ராமையா அவன் தோளில் தட்டினான். "தின்னுடா தம்பி, தின்னு. இதுல உன் பங்கும் இருக்கு."

தமிழ் புரியாத ஜைனல் தலையாட்டிக்கொண்டு கடித்தான். நவமணி புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தணலைக் கிளறினாள். ஆறு மணிச் சங்கு ஊதியது. அவள் எழுந்திருக்கவில்லை. அவள் இடம் வேலிக்கு உள்ளேதான் இருந்தது.